ரிப்பன் தேடித் திருகோணமலைக்கு

வெள்ளி

கொழும்புக் கோட்டையில் இரவு அஞ்சல் ரயிலில் ஏறினால் விடியற்காலையில் சீனக்குடா வரும். அதற்கடுத்தது திருகோணமலை, கடைசி நிலையம். எல்லோரும் கடைசியில்தான் இறங்குவார்கள். நான் பையோடு சீனக்குடாவிலேயே இறங்கிவிட்டேன். நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

நான் சேர்ப்பது விமானப் பறப்பின் ஆரம்ப காலப் பதக்கங்கள். அதிலும் பதக்கத்தைவிட, அது தொங்கும் ரிப்பன்மேல்தான் எனக்குக் கண். பதக்கம் பெரும்பாலும் பெட்டிக்குள் கிடக்கும், அணிவகுப்பு நாளில்தான் வெளியே வரும். ரிப்பன் அப்படியல்ல. சட்டைப் பையின் மேலே தைத்து, வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த மனிதன் போட்டுக்கொண்டு திரிந்த துண்டு அது. வியர்வை பட்டது, வெயில் பட்டது. அதனாலேயே முதலில் மங்குவதும், முதலில் எறியப்படுவதும் ரிப்பன்தான். ஒரு பதக்கம் வியாபாரி கைக்குப் போனால் முதல் வேலையாகப் பழைய ரிப்பனைக் கழற்றிப் புதுசு போடுவார், பளிச்சென்று இருக்குமாம். எனக்கு வயிறு எரியும்.

திருகோணமலைக்கு ஏன் வந்தேன் என்றால், இங்கே பிரித்தானிய அரச விமானப்படை பல வருடம் இருந்திருக்கிறது. சீனக்குடாத் தளத்தை அவர்கள் 1957 வரை வைத்திருந்தார்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இங்கு வந்த மூத்த அதிகாரிகளில் பலர் முதல் உலகப் போரில் துணியும் மரமுமான விமானங்களில் பறந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் நெஞ்சில் போட்டிருந்த ரிப்பன்களில் ஏதாவது இந்த ஊரில் தங்கியிருக்காதா என்பதுதான் என் எண்ணம்.

தளம் இப்போது இலங்கை விமானப்படையின் கையில். உள்ளே போக முடியாது, வீதியிலிருந்து பார்க்கலாம். எதிர்ப்புறக் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கு மேலே தலை காட்டுகின்றன. மொத்தம் நூறு அளவில் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் இந்தத் தளத்தையும் தாக்கியபோது ஒரு விமானம் ஒரு தாங்கியில் வந்து விழுந்தது. எண்ணெய் நாள்கணக்கில் எரிந்தது. விமானி வேண்டுமென்றே மோதினான் என்றுதான் இங்கே சொல்வார்கள். அன்று எதிர்த்துப் பறந்தவை 261ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் விமானங்கள்.

ஆட்டோக்காரத் தம்பி, "அண்ணை, எண்ணெய் ராங்கி பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். ரிப்பன் பார்க்க வந்தேன் என்றதும் திரும்பி முழுதாக என்னைப் பார்த்தார். வழி நெடுக விளக்கிக்கொண்டு வந்தேன். உப்புவெளியில் இறக்கிவிடும்போது, தனக்குத் தெரிந்த ஒரு வீடு தம்பலகாமத்தில் இருக்கிறது, அங்கே கிழவரின் பதக்கம் ஒன்று உண்டு, ஞாயிறு கூட்டிப்போகிறேன் என்றார்.

சனி

நிலாவெளி வீதியில் போர்க் கல்லறைத் தோட்டம். ஊரில் கேட்டால் வெள்ளைக்காரர் சவக்காலை என்று வழி காட்டுவார்கள். புல் ஒட்ட வெட்டி, செடி வைத்து, அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

விமானப்படைக்காரரின் கல்லைக் கண்டுபிடிப்பது சுலபம். கிரீடத்துக்குக் கீழே சிறகு விரித்த கழுகு, சுற்றி அந்தப் படையின் இலத்தீன் வாசகம். போருக்குப் போனவர் எல்லோருக்கும் கிடைத்த பதக்கங்களைக் கல்லில் பொறிப்பதில்லை. வீரச் செயலுக்குத் தனியாகக் கிடைத்தது இருந்தால் மட்டும், பெயருக்குப் பின்னால் டி.எஃப்.சி., டி.எஃப்.எம். என்று எழுத்துகள் வரும். ஒவ்வொரு வரிசையாக நடந்து அந்த எழுத்துகளைப் பார்த்தேன். வயதையும் பார்த்தேன். இருபது, இருபத்திரண்டு என்று போகும்போது நடை தானாக மெதுவாகிவிடுகிறது.

டி.எஃப்.சி. பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 1918 ஏப்ரல் 1 அன்று தரைப்படையின் ரோயல் ஃபிளையிங் கோரையும் கடற்படையின் விமானப் பிரிவையும் சேர்த்து அரச விமானப்படையை உருவாக்கினார்கள். புதுப் படைக்குப் புது விருதுகள் வேண்டுமே. அதே வருடம் ஜூன் 3 அன்று நான்கு விருதுகள் அறிவிக்கப்பட்டன. எதிரியோடு பொருதிய அதிகாரிகளுக்கு டிஸ்டிங்க்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ், அதாவது டி.எஃப்.சி. எதிரி முன்னில்லாமல் பறப்பில் காட்டிய துணிவுக்கு ஏர் ஃபோர்ஸ் கிராஸ், அதாவது ஏ.எஃப்.சி. அதிகாரி அல்லாதவர்களுக்கு இதே இரண்டும் வெள்ளிப் பதக்கமாக, டி.எஃப்.எம்., ஏ.எஃப்.எம். என்று. டி.எஃப்.சி. ரிப்பனில் ஊதாவும் வெள்ளையும், ஏ.எஃப்.சி.யில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். கிராஸ் எனும் சிலுவையின் ரிப்பனில் கோடு எட்டில் ஒரு அங்குலம், பதக்கத்தின் ரிப்பனில் பதினாறில் ஒரு அங்குலம்.

ஆரம்பத்தில் இந்தக் கோடுகள் கிடையாக ஓடின. 1919 ஜூலையில் அவற்றைச் சாய்கோடாக மாற்றிவிட்டார்கள், இன்றுவரை சாய்வுதான். ஆக, கிடைக்கோட்டு ரிப்பன் புழங்கியது ஒரு வருடத்துக்குச் சற்று மேல். சேகரிப்பவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள்.

கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் அந்த ஒரு வருடத்துக்குள் வருகிறார். 40ஆவது ஸ்குவாட்ரனில் பறந்து பத்து விமானங்களை வீழ்த்திய பையன். 1918 ஜூலை 22 அன்று விமானத்தோடு விழுந்து இறந்தபோது வயது 19. டி.எஃப்.சி. செப்டம்பரில் வந்தது. இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் டி.எஃப்.சி. அது. கிடைக்கோட்டு ரிப்பன் காலத்துச் சிலுவை, போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

ரிப்பன் நிறம் சும்மா அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை இரண்டின் கதை. டார்ஜிலிங்கில் பிறந்த வார்ன்ஃபோர்ட் 1915 ஜூன் 7 அன்று எல்.இசட். 37 என்ற செப்பலின் வான்கப்பலை மேலேயிருந்து குண்டு போட்டு அழித்தார். குடகில் பிறந்த லீஃப் ரொபின்சன் 1916 செப்டம்பர் 3 அன்று எஸ்.எல். 11 என்ற வான்கப்பலை இங்கிலாந்தின் மேலே சுட்டு வீழ்த்தினார். ஒரே வேலை, ஒரே சிலுவை. ஆனால் வார்ன்ஃபோர்ட் கடற்படைக்காரர் என்பதால் அவருக்கு நீல ரிப்பன், ரொபின்சன் தரைப்படைக்காரர் என்பதால் சிவப்பு. விமானப்படை தனியாகப் பிறந்த 1918இல்தான் எல்லோருக்கும் சிவப்பு என்று ஆனது. விமானிக்கு இன்னும் சொந்தப் படை இல்லாத காலம் இருந்தது என்பதை அந்த இரண்டு நிறங்கள் காட்டுகின்றன. இரண்டு பேரும் நம் பக்கத்து மண்ணில் பிறந்தவர்கள் என்பது எனக்குக் கூடுதல் ஒட்டுதல்.

மாலையில் உப்புவெளிக் கடற்கரை. நல்ல காற்று. வேறொன்றும் எழுத இல்லை.

ஞாயிறு

சொன்னபடி ஆட்டோத் தம்பி வந்தார். தம்பலகாமம் போகும் வழியெல்லாம் வயல். கோணேசர் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனோம்.

வீட்டில் ஓர் அம்மா, எழுபதுக்கு மேல் இருக்கும். "வாங்க மகன், இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டு, சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நின்றார். தயிர், சர்க்கரை, வாழைப்பழம். அப்புறம்தான் அலுமாரியைத் திறந்தார்.

அவருடைய தகப்பனார் இரண்டாம் உலகப் போரில் சீனக்குடாவில் சீருடை போட்டவர். ஒரு டிஃபென்ஸ் மெடல், அதோடு 1939-45 வார் மெடல். இரண்டையும் கையில் வாங்கி விளிம்பைப் பார்த்தேன். பெயர் இல்லை. பிரித்தானியா அந்தப் போரில் கொடுத்த பொதுப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் வெட்டுவதில்லை. முதல் போரில் அப்படியில்லை, வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் இலக்கம், தரம், பெயர், படை எல்லாம் பதித்திருக்கும். அந்த விளிம்பு இருந்தால் நூறு வருடம் கழிந்தும் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

ரிப்பன் பழையதுதான். நான் கையோடு ஒரு புற ஊதா டோர்ச் கொண்டு திரிவேன். இக்காலச் செயற்கை நூல் அந்த வெளிச்சத்தில் நீலவெள்ளையாக மின்னும். பழைய பருத்தியும் பட்டும் சும்மா மங்கலாகக் கிடக்கும். டிஃபென்ஸ் மெடல் ரிப்பனில் நடுவே தீயின் நிறம், இருபுறமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. பச்சை நிலத்தின்மேல் விழுந்த தீ, கறுப்பு இருட்டடிப்பு இரவுகள். இதைச் சொன்னதும் அம்மா, "விளக்கைச் சாக்கால மூடி வைக்கிறதாம், அப்பா சொல்லுவார்" என்றார்.

"இன்னொண்டும் இருந்தது மகன்" என்று அவரே தொடங்கினார். தகப்பனாரின் சித்தப்பா ஒருவர் முதல் உலகப் போரில் வெள்ளைக்காரன் கப்பலில் வேலைக்குப் போனவர். அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் வந்திருக்கிறது. வீட்டில் முதல் ஆண் குழந்தை பிறந்தபோது பத்தரிடம் கொடுத்து உருக்கி அரைஞாண் செய்துவிட்டார்கள்.

நம்பக்கூடிய கதை. முதல் போரில் பொதுவாகக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் என்பது ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளி. 65 லட்சம் அளவில் அச்சடித்தார்கள், உலகம் முழுக்க உருகிப் போயிருக்கிறது. 1980ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே குவியல் குவியலாக உருக்கினார்கள். இந்த வீட்டில் இரண்டாம் போர்ப் பதக்கங்கள் தப்பியதற்குக் காரணமும் அதுதான். அவை செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், பத்தர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருப்பார். குழந்தைக்கு அரைஞாண் கட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. அந்த விளிம்பில் இருந்த பெயரை யாராவது ஒரு தாளில் எழுதிவைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இருந்தது.

அம்மா உள்ளே போய் ஒரு தேவாரப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டை கழன்று நூல் தெரிகிற புத்தகம். கோளறு பதிகத்துப் பக்கத்தைத் திறந்தார். நடுவில் ஒரு ரிப்பன்.

நடுவே அகலமான செம்மஞ்சள், இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். பட்டு. உருக்கிய பதக்கத்தின் ரிப்பன் அது. பத்தருக்கு அது தேவையில்லை, வீட்டில் எறிய மனமில்லை, புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துவிட்டார்கள். வெளிச்சம் படாமல், காற்றுப் படாமல் இத்தனை வருடம். செம்மஞ்சளில் நீர் ஓடினாற்போல ஒரு நெளிவு உண்டு, சரிக்கும்போது மினுங்கும். சாதாரணமாகக் கிடைக்கும் பழைய துண்டுகளில் அந்த நெளிவு மங்கிப் போயிருக்கும். இதில் முழுதாக இருந்தது. முதல் போரில் கடலில் போனவனுக்கும், சேற்றில் நின்றவனுக்கும், சோப்வித் கேமல் விமானத்தில் பறந்தவனுக்கும் ஒரே ரிப்பன்தான். இவ்வளவு நல்ல ஒன்றை நான் தொட்டதில்லை.

விலை பேச வாய் வரவில்லை, பேசவும் கூடாது. வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்தேன். சித்தப்பாவின் பெயர், ஊர், நினைவிருக்கும் வரை எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதி, அந்தத் தாளையும் ரிப்பனோடு அதே பக்கத்தில் வைத்தேன்.

திங்கள்

மத்திய வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் சின்னத் தையற்கடை. ஊர் நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்கார ஐயாவின் அப்பப்பா இதே தொழில்தான், துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் இருந்த அதிகாரிகளுக்குச் சீருடை தைத்தவர்.

பள்ளிச் சட்டை ஒன்றுக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தவர், முடித்துவிட்டுத்தான் எழும்பினார். மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின். "அப்பப்பா இதை எறிய விடமாட்டார் தம்பி. ஆரும் ஒருநாள் வந்து கேப்பினம் எண்டு சொல்லுவார்."

மேசையில் துணி விரித்துக் கொட்டினோம். மட்டையில் சுற்றிய ரிப்பன் மிச்சங்கள், பித்தளை ஊசிப் பட்டைகள், கஞ்சி போட்ட துணித் துண்டுகள். வானவில் நிறத்தில், முதல் போரின் விக்டரி மெடல் ரிப்பன். 1939-45 நட்சத்திரப் பதக்கத்தின் மூன்று நிறம், கடற்படைக்கும் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் ஆளுக்கொன்று. அப்புறம், இரண்டு அங்குல நீளத்தில் ஊதாவும் வெள்ளையுமாகச் சாய்கோடு.

ஐயா அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கீறல். சாய்கோட்டு ரிப்பனைத் தலைகீழாகப் பிடித்தாலும் சாய்வு மாறாது, ஆனால் உள்பக்கம் வெளியே வந்தால் மாறிவிடும். தைத்து முடித்த பிறகு அதிகாரி கண்டுபிடித்தால் முழுதும் பிரிக்க வேண்டும். அதனால் வெட்டும்போதே உள்பக்கத்தில் கீறிவிடுவாராம். ஒரு தையல்காரரின் கை அந்தக் கீறலில் இருக்கிறது.

இவ்வளவு துண்டுகள் ஏன் சேர்ந்தன என்று கேட்டேன். இந்த ஊர் வெயிலில் காக்கி ட்ரில் சட்டை ஒருநாள்தான் போடலாம், மறுநாள் வண்ணானுக்குப் போக வேண்டும். ரிப்பனைச் சட்டையிலேயே தைத்தால் சாயம் போய்விடும். ஆகவே ஊசி வைத்த பட்டையில் தைத்துக் கொடுப்பது, கழற்றி மாட்டுவது. பட்டை வளையும், ஊசி துரு பிடிக்கும், புதுசு கேட்டு வருவார்கள், பழையது கடையிலேயே கிடக்கும்.

டின்னின் அடியில் அப்படிக் கிடந்த ஒரு பட்டைதான் இந்தப் பயணத்தில் என்னை உட்கார வைத்தது. நான்கு ரிப்பன் பக்கத்தில் பக்கத்தில். முதலில் டி.எஃப்.சி. சாய்கோடு. அடுத்தது சிவப்பு, வெள்ளை, நீலம் ஒன்றுக்குள் ஒன்று கரையும், முதல் போரின் 1914 அல்லது 1914-15 நட்சத்திரம். பிறகு தம்பலகாமத்தில் பார்த்த அதே செம்மஞ்சள், இங்கே வெளிறிப்போய். கடைசியில் விக்டரி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டி.எஃப்.சி. துண்டின் சரிநடுவில் இரண்டு ஊசித் துளை, அவற்றைச் சுற்றி வட்டமாக நிறம் கொஞ்சம் அழுத்தம். ஏதோ ஒன்று அங்கே பல காலம் இருந்து வெயிலை மறைத்திருக்கிறது. அந்த இடத்தில் வருவது வெள்ளி ரோசாப்பூ, டி.எஃப்.சி. இரண்டாம் முறை கிடைத்ததன் அடையாளம்.

இந்தச் சின்னப் பட்டையை வைத்து எவ்வளவு சொல்லலாம் பாருங்கள். இவர் 1915 முடிவதற்குள் போர்க்களத்தில் இருந்தவர், இல்லையென்றால் அந்த நட்சத்திரம் கிடைத்திராது. டி.எஃப்.சி. என்பதால் 1918இலோ அதற்குப் பிறகோ பறந்தவர். அதிகாரி. வடமேற்கு எல்லைச் சண்டைகளுக்குக் கொடுத்த இந்தியப் பதக்கம் இல்லை, ஆக அங்கே களத்துக்குப் போயிருக்க மாட்டார். இரண்டாம் போரின் நட்சத்திரம் எதுவும் இல்லை, அவை வழங்கப்படுவதற்கு முன்னரே இந்தப் பட்டை கழற்றப்பட்டுவிட்டது. முதல் போருக்காகக் கொடுத்த டி.எஃப்.சி. 1,100 அளவில், இரண்டாம் முறையும் பெற்றவர்கள் 70 பேர் அளவில்தான். இடைக்காலத்தில் பெற்றவர்களைச் சேர்த்தாலும் கூட்டம் சிறியது. முதல் போர் டி.எஃப்.சி.யில் பெயரும் இல்லை, வழங்கிய வருடமும் இல்லை. சிலுவையே கிடைத்திருந்தாலும் இதில் பாதி தெரிந்திராது.

வாடிக்கையாளர் அளவுக் கொப்பிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டன என்றார். கத்தரிக்கோலையும் இந்த டின்னையும் மட்டும்தான் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

ஆனால் டின்னின் அடியில் ஒரு தாள் விரித்திருந்தது. துரு படாமல் இருக்க யாரோ கொப்பியிலிருந்து கிழித்துப் போட்ட தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். தமிழில், பென்சிலில், அழகான கையெழுத்து: விங் கொமாண்டர், நெஞ்சு 40, கை 33½, தோள் 18. கீழே வேறு இரண்டு பேரின் அளவுகள், அவையும் பெயரில்லாமல் தரம் மட்டும். ஐயா தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, "இது அவற்ற எழுத்துத்தான்" என்றார். கொஞ்ச நேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

பட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், காசு வேண்டாமாம். நான் எடுக்கவில்லை. வெளியே போனால் அது ஆயிரம் ரிப்பன் பட்டைகளில் ஒன்று. இந்த டின்னுக்குள், அந்தத் தாளோடு, பென்சில் கீறல் போட்டவரின் கடையில் இருந்தால்தான் அது திருகோணமலையில் பறந்த ஒருவருடையது. அதற்குப் பதிலாக அரை நாள் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொடுத்தேன். துருப்பிடித்த ஊசிகளை வேறாக்கினோம். ரிப்பன்களை வெளுக்காத பருத்தித் துணியில் மடிக்காமல் விரித்து வைத்தோம். கடற்காற்று ஊரில் ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரி, ஆகவே மாதம் ஒருமுறை நிழலில் திறந்து பார்க்கச் சொன்னேன். தோய்க்க வேண்டாம், ஸ்திரிக்கை போட வேண்டாம் என்று ஐயாவின் மகளிடமும் சொல்லிவைத்தேன். அவர் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்

காலையில் கோணேசர் மலை ஏறி இறங்கினேன். பிறகு மறுபடி கடைக்குப் போய், நேற்று அவசரத்தில் விட்ட பின்பக்கங்களைப் படம் எடுத்தேன். பட்டையின் முதுகில் காக்கி நூல், ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நீல நூல். எங்கோ குளிர் நாட்டில் ஒருமுறை தைத்து, இங்கே வந்து திருத்தியிருக்க வேண்டும் என்பது ஐயாவின் கணிப்பு. தையல் விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரவு ரயிலுக்கு இடம் கிடைத்துவிட்டது. விருது அறிவிப்புகள் எல்லாம் லண்டன் கெசட்டில் வந்தவை, அந்தப் பழைய இதழ்களை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். டி.எஃப்.சி. இரண்டு முறை பெற்றவர்களின் பெயர்களை முதலில் எடுக்க வேண்டும். அதில் 1915க்குள் களத்தில் இருந்தவர்களைப் பிரிக்க வேண்டும். மிஞ்சுபவர்களில் விங் கொமாண்டராக இந்தப் பக்கம் வந்தவர் யார் என்று பார்த்தால் இரண்டு மூன்று பேருக்கு மேல் நிற்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பெயர் கிடைத்ததும் முதலில் தையற்கடைக்குத்தான் அழைப்பு எடுப்பேன், ஐயாவிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.